மார்கழியில் கடல் தேடி, தையில் கப்பல் ஏறி

ஞாயிறு, கிருஷ்ணகிரி

இந்தக் குளிர்காலத்தில் கப்பலில் போவது என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது, எந்தக் கடலுக்கு என்பதுதான் இன்னும் இழுபறி. மார்கழி பிறந்தால் எங்கள் அத்தைக்கு முழங்கால் இறுகிக்கொள்ளும், விடியற்காலையில் மூச்சு இழுக்கும். "கொஞ்ச நாள் சூடான ஊரில் வைத்துப் பாருங்க, ஆனால் அலைய விடாதீங்க" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு வீட்டுக்காரர்தான் கப்பல் பேச்சை ஆரம்பித்தார். யோசித்துப் பார்த்ததில் எனக்கும் சரியாகப் பட்டது. பெட்டியை ஒரே அறையில் இறக்கி வைத்துவிட்டால் போதும், நாம் தூங்குகிற நேரத்தில் ஊர் மாறிவிடும், லாட்ஜ் லாட்ஜாகப் படி ஏறி இறங்க வேண்டாம், சாப்பாட்டுக்குத் தெருத்தெருவாக அலைய வேண்டாம்.

குளிர்காலத்தில் வெயில் காயப் போகும் கடல்கள் என்று இணையத்தில் தேடினால் பட்டியல் கொட்டுகிறது. கரீபியன், கேனரி தீவுகள், துபாய், தோஹா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா. எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் பட்டியல் போட்டவர்கள் யாரை மனதில் வைத்துப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். வாசலில் பனி குவிந்து கிடக்கிற ஊர்க்காரர்களுக்கு 20 டிகிரி என்றாலே கோடைக்காலம். நமக்கு அப்படியா? கிருஷ்ணகிரியில் மார்கழிப் பகலில்கூட 28, 29 டிகிரி வெயில் அடிக்கும், விடியற்காலைதான் 16, 17க்கு இறங்கும். ஓசூர், தளி பக்கம் இன்னும் குளிர், தளியை வெள்ளைக்காரர்கள் லிட்டில் இங்கிலாந்து என்று சொன்னது சும்மா இல்லை. அத்தைக்குத் தொந்தரவே பகலில் கிடையாது, விடிகிற நேரத்தில்தான். அதனால் நான் எல்லா ஊருக்கும் இரவு எத்தனை டிகிரி என்று தனியாக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

எழுதினதும் பாதிப் பட்டியல் தானாகவே கழன்று போனது. துபாய்க்கு ஜனவரியில் பகல் 24, இரவு 14, 15. தோஹாவும் கிட்டத்தட்ட அதே. கேனரி தீவுகளில் பகலே 21தான். அதாவது நாம் பணத்தைக் கட்டி கிருஷ்ணகிரியைவிடக் குளிரான ஊருக்குப் போகிறோம்! வீட்டுக்காரர் நம்பவில்லை, துபாயில் இருக்கும் அவருடைய நண்பருக்குப் போன் போட்டார். "டேய், சாயந்திரம் ஆனா இங்க ஸ்வெட்டர் போட்டுட்டுதான் வெளிய போறோம், கப்பல் மேல்தளத்துல காத்து வேற அடிக்கும்" என்று அவர் சொன்ன பிறகுதான் இவர் அடங்கினார். அரபு நாட்டு நகரங்களைச் சுற்றிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு நவம்பரில் இருந்து மார்ச் வரைதான் நல்ல காலம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் சூடு தேடிப் போகிறவர்களுக்கு அது வழி இல்லை.

இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்காத இடங்கள் என்று பார்த்தால் கரீபியன், லட்சத்தீவு, மாலத்தீவு, சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட். இவ்வளவுதான் நோட்டில் மிச்சம். மீதி நாளைக்கோ நாளை மறுநாளோ எழுதுகிறேன்.

செவ்வாய், கிருஷ்ணகிரி

அரூரில் இருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, எதுக்குச் சிங்கப்பூர் அது இதுன்னு, சென்னையில இருந்தே சொகுசுக் கப்பல் போகுதே?" போனதுதான். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார், அடுத்த வருடம் இலங்கைக்கும் போனது. டிசம்பரில் என்றதும் வீட்டுக்காரர் போனை வாங்கி அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டு ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. கடலுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று நிம்மதியாக இருந்தோம். அடுத்த நாள் விடிய விடிய ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை, அரூரில் 33 செ.மீ. ஏரித் தண்ணீர் பொங்கி வந்து வேனையும் காரையும் ரோட்டோடு உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. வங்காள விரிகுடாவில் கிளம்பினது நம் வீட்டு வாசல் வரை வந்தது என்றால், அந்தக் கடலுக்கு நடுவில் கப்பலில் இருப்பதை யோசித்துப் பாருங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம், எல்லாம் இதே மாதம். அக்டோபரில் இருந்து டிசம்பர் முடிகிற வரை வங்காள விரிகுடாவைக் கப்பல் சுற்றுலாவுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கப்பல் கம்பெனிகள் புயல் வந்தால் பாதையை மாற்றுவார்கள், ரத்து செய்வார்கள், உயிருக்கு ஆபத்தாக விட மாட்டார்கள், அது சரி. ஆனால் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த ஆட்டமும் அந்தக் கவலையும் எதற்கு?

சென்னையில் இருந்து அந்தமான் போகும் கப்பலைப் பற்றியும் கேட்டாள். அது ஆட்களையும் சாமானையும் கொண்டு போய்ச் சேர்க்கிற அரசுக் கப்பல், போர்ட் பிளேர் போய்ச் சேரவே சுமார் 3 நாள் ஆகும். இளம் வயதில் நண்பர்களோடு போக வேண்டிய பயணம் அது. போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

இதில் ஒரு விஷயம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது, அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். நமக்கு மழை தருகிற வடகிழக்குப் பருவக்காற்று நமக்கு மட்டும் வீசுவதில்லை. கடலைத் தாண்டி ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, எந்தக் கரை கிழக்கைப் பார்த்து நிற்கிறதோ அங்கே கொட்டும். நம் சோழமண்டலக் கரை, இலங்கையில் திருகோணமலை, மலேசியாவின் கிழக்குக் கரை, தாய்லாந்தில் சாமுய் தீவு, வியட்நாமின் நடுப்பகுதி, எல்லாம் ஒரே வரிசை. அதே காற்று நிலத்தையும் மலையையும் தாண்டி மேற்குக் கரைக்கு வரும்போது ஈரம் வற்றிப் போயிருக்கும். அதனால் அதே ஜனவரியில் கொழும்பும் காலியும் காய்ந்து கிடக்கும், பினாங்கிலும் புக்கெட்டிலும் வெயில் அடிக்கும், லட்சத்தீவில் கடல் அமைதியாக இருக்கும். தாய்லாந்து என்று நாட்டைப் பார்த்து டிக்கெட் போட்டால் மாட்டிக்கொள்வோம், எந்தப் பக்கக் கரை என்று பார்க்க வேண்டும். மலேசியாவின் கிழக்கே இருக்கிற ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் இந்த மாதங்களில் தங்கும் விடுதிகளில் பாதிக்கு மேல் மூடியே வைத்துவிடுகிறார்கள்.

சூடு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு உதாரணமும் இருக்கிறது. மொரிஷியஸ், ஃபிஜி, ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை எல்லாம் நம் குளிர்காலத்தில் நல்ல கோடைதான். ஆனால் தெற்குப் பாதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். பாலித் தீவுக்கும் டிசம்பர், ஜனவரிதான் கொட்டுகிற மழை. கரீபியன் கணக்கு நேர் எதிர், அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதனால்தான் டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை உலகத்துக் கப்பல் எல்லாம் அங்கே போய் நிற்கிறது.

வியாழன், ஓசூர்

ஓசூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனோம். குளிருக்குப் பயந்து அத்தையை வீட்டிலேயே விட்டுவிட்டோம், ஓசூர் காற்று அவருக்கு ஆகாது. உள்ளே போனதும் அந்தத் தம்பி டீ சொல்லிவிட்டு மூன்று நான்கு வண்ணத் தாள்களைப் பரப்பினார். எல்லாவற்றிலும் விலை அழகாக, பெரிதாக, குறைவாக இருந்தது. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி. துறைமுகக் கட்டணம் தனி, வரி தனி, சிப்பந்திகளுக்கான டிப்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனி. எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் என்ன என்று நாங்கள் கேட்காமல் அவர் சொல்லவே இல்லை, அது எனக்குக் கோபம்தான். போகிறவர்கள் முதல் கேள்வியாகவே இதைக் கேளுங்கள்: நான் வீட்டுக்குத் திரும்பும்போது என் கையை விட்டுப் போயிருக்கும் தொகை எவ்வளவு? அப்புறம், போட்டிருக்கிற விலை அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒருவருக்கு. மூன்றாவது ஆள் அதே அறையில் படுத்தால் அவருக்குக் குறையும். ஒருவர் தனியாகப் போனால் பல கப்பல்களில் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு.

கரீபியன் பற்றியும் கேட்டோம், ஆசை யாரை விட்டது. பகல் 28, 29, இரவு 23, மழையும் குறைவு, கணக்குப்படி பார்த்தால் அதைவிடப் பொருத்தமான கடல் கிடையாது. ஆனால் மயாமியில் இருந்து கிளம்புகிற கப்பல் என்றால் அமெரிக்க விசா வேண்டும், விமானத்தில் மட்டும் ஒரு நாளுக்கு மேல் ஓடிவிடும். 70 வயது தாண்டின அத்தைக்கு அது அலைச்சல் இல்லாமல் என்ன? அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் நம் மாவட்டத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள், விசா ஏற்கெனவே கையில் இருக்கும், பிள்ளையைப் பார்க்கப் போகிற பயணத்தை ஜனவரியில் வைத்துக்கொண்டால் அவர்களுக்கு இது அருமையான வாய்ப்பு.

வியட்நாம் வரை போகிற கப்பலும் காட்டினார். ஒரே கப்பல், ஒரே வாரம், மூன்று வானிலை! சைகோனில் காய்ந்த வெயில், நடுவில் டா நாங் பக்கம் மேகமூட்டம், வடக்கே ஹா லாங் விரிகுடாவில் 15, 16 டிகிரி குளிர். வேண்டாம் என்று மடித்து வைத்தோம்.

சனி, கிருஷ்ணகிரி

கடைசியில் நின்றது இரண்டு. லட்சத்தீவு, இல்லையென்றால் சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிற கப்பல்.

எனக்கு மனசு முழுக்க லட்சத்தீவில்தான் இருந்தது. 36 தீவுகள், அதில் 10ல்தான் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், நம் ரூபாய், கொச்சிக்குப் போனால் போதும், அனுமதிச் சீட்டு மட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டும். ஆனால் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை, உள்ளே ஆழம் குறைந்த பச்சைத் தண்ணீர், பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. நடுக்கடலிலேயே நிறுத்தி, கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற சின்னப் படகில் கால் வைத்து இறங்க வேண்டும். போய்வந்த என் தோழி ஒருத்தி அதை விவரமாகச் சொன்னாள். அந்த ஒரு அடிக்காக அத்தையின் முழங்காலைப் பணயம் வைக்க மனம் வரவில்லை. படகில் இறங்கவில்லை என்றால் தீவையே பார்க்க முடியாது.

பினாங்கில் அப்படி இல்லை, கப்பல் ஊருக்குள்ளேயே மேடையை ஒட்டி நிற்கும், சாய்வுப் பாதையில் நடந்து இறங்கலாம். புக்கெட்டில் படகுதான், ஆனால் அத்தைக்கு முடியவில்லை என்றால் கப்பலிலேயே இருந்துவிடலாம். இன்னொரு பெரிய காரணம் மலாக்கா ஜலசந்தி. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம், இரண்டுக்கும் நடுவில் சுமார் 800 கி.மீ. நீளத்துக்கு ஒதுங்கின கடல். திறந்த கடலின் பெரிய அலை உள்ளே வருவது குறைவு. முதல் தடவை கப்பல் ஏறுகிற வயதானவர்களுக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

தேதிக்கும் நிறைய யோசித்தோம். சிங்கப்பூரில் மழைக்கட்டம் டிசம்பரில் இருந்து ஜனவரி பாதி வரை, அதற்கப்புறம் மார்ச் வரை காய்ந்துவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் கட்டணம் எகிறி நிற்கும், அது முடிந்ததும் இறங்கும். ஆனால் தை பிறந்தால் நம் மாந்தோப்பில் பெங்களூரா மரங்கள் பூவெடுக்கும், தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்காமல் விட்டால் அந்த வருடத்துக் காயே போச்சு. கொழுந்தனார் "நான் பார்த்துக்கறேன் அண்ணி, நீங்க கிளம்புங்க" என்று பொறுப்பு எடுத்துக்கொண்டதால் பொங்கல் முடிந்த வாரத்துக்குப் போட்டோம்.

விசா விஷயம் ஒன்று. கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வருகிறது, அதனால் பலமுறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துபாய், தோஹா போகிற கப்பலுக்கும் இதே கதைதான். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடுகிற வாரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது காலம் பாக்கி இருக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த திங்கள், ஓசூர் ரோடு

மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி ஓசூர், அத்திப்பள்ளி, அப்புறம் பெங்களூர் நெரிசல், அதையும் கடந்து ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளி. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். அத்தை கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு மஃப்ளர் கட்டி உட்கார்ந்திருந்தார். "களி கிடைக்காது அங்க, தெரியுமில்ல?" என்று மகன் சீண்டினதுக்கு, "சூடா வெந்நி கிடைச்சாப் போதும்டா" என்றார்.

செவ்வாய், சிங்கப்பூர்

விமானம் நாலரை மணி நேரம். வெளியே வந்ததும் வெதுவெதுப்பான ஈரக் காற்று, அத்தை மஃப்ளரை அவிழ்த்துக் கைப்பையில் போட்டார். மெரினா பே கப்பல் முனையத்தில் விமான நிலையம் மாதிரியே பெட்டியைக் கொடுத்து, பாஸ்போர்ட் காட்டி, அறைக்கு ஒரு அட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சக்கர நாற்காலி முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் வாசலிலேயே ஒரு பையன் வந்து நின்றான்.

அறை தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் காசை எங்கே போட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். மேல்தளத்துப் பால்கனி அறை பார்க்க அழகு, ஆனால் உயரம் போகப் போக ஆட்டம் அதிகம் தெரியும், முன்னாலும் பின்னாலும் இன்னும் அதிகம். நீளவாட்டில் நடுப்பகுதி, கீழ்த்தளங்களில் ஒன்று, லிஃப்டுக்குப் பக்கம், ஒரு ஜன்னல். அவ்வளவுதான் கேட்டோம். அறை சின்னதுதான். கட்டிலில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு எதிரே மேசை, குளியலறையில் ஒருவர் திரும்பினால் சுவர் இடிக்கும், ஆனால் பிடித்துக்கொள்ள எல்லாப் பக்கமும் கம்பி வைத்திருந்தார்கள், வாசற்படி மட்டும் கொஞ்சம் உயரம், அத்தையிடம் முதல் வேலையாக அதைக் காட்டினேன்.

கிளம்பும் முன் எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி. ஆபத்து என்றால் எங்கே வந்து நிற்க வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். அத்தை பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்து, பக்கத்தில் இருந்த திருச்சிக்கார அம்மாவுக்கும் கட்டிவிட்டார். சாயந்திரம் ஒரு மழை பெய்து விட்டது. ஜனவரி கடைசிப் பக்கம் வந்தாலும் சிங்கப்பூர் சிங்கப்பூர்தான், குடை வேண்டும். இருட்டின பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால் சரக்குக் கப்பல்களின் விளக்கு வரிசை முடியவே இல்லை, உலகத்திலேயே நெரிசலான கடல் வழிகளில் இது ஒன்று.

புதன், பினாங்கு

ராத்திரி ஆட்டமே தெரியவில்லை. மேசையில் வைத்த டம்ளர் தண்ணீர் அசையாமல் இருந்தது, குமட்டலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அவோமின் மாத்திரை பையிலேயே கிடக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு நான் பயந்துகொண்டே எழுந்து பார்த்தேன், அத்தை ஏற்கெனவே எழுந்து ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், இழுப்பு இல்லை. "மேல போலாமா கண்ணு?" என்று கேட்டார். மார்கழியில் இருந்து அவர் விடியற்காலை வெளிக் காற்றுக்கு வந்ததே கிடையாது. மேல்தளத்தில் அந்த நேரத்துக்கே 25 டிகிரி இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் இறங்கினார். அதைப் பார்த்த எனக்கு, நோட்டில் இரவுக் கணக்கு எழுதின அத்தனை நாளும் வீண் போகவில்லை என்று தோன்றியது.

மதியம் கடந்து ஜார்ஜ் டவுன். ஸ்வெட்டன்ஹாம் மேடையில் கப்பல் ஒட்டி நின்றது, வெளியே வந்தால் நடக்கிற தூரத்திலேயே குட்டி இந்தியா. இங்கே ஜனவரி, பிப்ரவரிதான் மழை மிகக் குறைந்த மாதங்கள், 31, 32 டிகிரி வெயில், தார் ரோடு காய்கிறது. பூக்கடையில் மல்லிகை, கடைக்குக் கடை தமிழ்ப் பாட்டு. மகாமாரியம்மன் கோயில் 1833ல் கட்டினது, பினாங்கிலேயே மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பினது. இந்த நகரத்தை 2008ல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. கோயில் வாசலில் விபூதி கொடுத்த அம்மா "எந்த ஊரு?" என்று கேட்டார். கிருஷ்ணகிரி என்றதும் "மாம்பழ ஊரா?" என்றாரே பார்க்கலாம், வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை, நின்று பத்து நிமிடம் தோப்பைப் பற்றிப் பேசினார். வெளிநாடு என்றால் பாஷை தெரியாமல் திண்டாட வேண்டும் என்று தயங்குகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதல் துறைமுகம் பினாங்காக இருக்கட்டும்.

ராத்திரி கப்பலில் இந்தியச் சாப்பாட்டுப் பக்கம் சாதம், பருப்பு, தயிர், அத்தைக்கு அதுவே போதும். கப்பலுக்குள் வீட்டில் செய்த சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் அவர் ஆசையாக வறுத்து அரைத்த பருப்புப்பொடி கிருஷ்ணகிரியிலேயே நின்றுவிட்டது.

வியாழன், புக்கெட்

கப்பல் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றது. வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. தீபகற்பத்தின் மலைகள் கிழக்குக் காற்றை மறித்துக்கொள்கின்றன, நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை இந்தக் கரை இப்படித்தான். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று திரும்பினால் இதே கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும், குளிக்க விட மாட்டார்கள்.

கீழ்த்தளத்தில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒரு மேடை இறக்கியிருந்தார்கள், அதை ஒட்டிப் படகு. லேசான ஏற்ற இறக்கம் இருந்தது. நம்மை விரலைப் பிடித்து இழுப்பதில்லை, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று நம் முன்கையை அவர்கள் முன்கையோடு பூட்டிக்கொள்கிறார்கள், படகு மேலே வந்து மேடையோடு சமமாகிற நொடியில் "இப்போ" என்று ஒரு அடி. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் துடுப்பை ஊன்றிப் பிடித்துக்கொண்டு "இப்ப கால வைங்க" என்பாரே, அதே கணக்குதான். அத்தை கதவருகே நின்று முன்னால் போன எட்டுப் பத்துப் பேரைப் பார்த்தார். நாங்கள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் "நான் பரிசல் ஏறினவதான், நவுருங்க" என்று கையை நீட்டிவிட்டார். லட்சத்தீவில் நான் பயந்த அதே அடி! ஆனால் இங்கே கடல் அப்படி அமைதி, மேடை அகலம், வேண்டாம் என்றால் திரும்பி அறைக்குப் போகிற வசதி. அந்த வசதி இருந்ததால்தான் அவருக்குத் துணிவு வந்தது என்று நினைக்கிறேன்.

மணலில் முழங்கால் வரை தண்ணீரில் நின்றார். தண்ணீரே 28 டிகிரி, குளிக்கிற வெந்நீரில் பாதி விளாவினது போல இருந்தது. கரையை ஒட்டின சந்துகளில் சுனாமி வந்தால் ஓட வேண்டிய திசைக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை, நாகப்பட்டினத்தை நினைக்காமல் அதைத் தாண்டி நடக்க முடியவில்லை.

இங்கே கடிகாரம் பினாங்கைவிட 1 மணி நேரம் பின்னால். ஆனால் கடைசிப் படகு கப்பல் நேரத்துக்குத்தான் கிளம்பும். போன் தானாக நேரத்தை மாற்றிவிடும் என்பதால் கையில் ஒரு வாட்ச் கட்டி அதைக் கப்பல் நேரத்திலேயே விடுங்கள்.

வெள்ளி, கடலில்

இன்றைக்கு ஊர் எதுவும் இல்லை, முழுக்கத் தண்ணீர்தான். சிங்கப்பூருக்கு இறங்குமுகம். காலையில் அத்தையும் திருச்சிக்கார அம்மாவும் மேல்தளத்தில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்தார்கள், நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று டிசம்பரில் எங்கே போகலாம், பிப்ரவரியில் எங்கே போகலாம் என்று கேட்டார்கள், அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பர்தான் லீவு, வேறு வழி இல்லை என்றால் மேற்குப் பக்கம் போங்கள், மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு. அரபிக்கடலிலும் டிசம்பர் தொடக்கம் வரைகூட எப்போதாவது புயல் வரும் என்பதால் டிசம்பர் பாதிக்கு அப்புறம் இன்னும் நல்லது. ஜனவரி பாதியில் இருந்து மார்ச் வரை பினாங்கு, புக்கெட், மாலத்தீவு, கொழும்பு எல்லாமே கைகூடும். திருகோணமலைக்கு ஆசைப்படுகிறவர்கள் ஏப்ரல், மே வரை பொறுங்கள், அந்தக் கரைக்கு அப்போதுதான் நல்ல காலம் தொடங்கும். துபாய்க்குப் போகிறவர்கள் ஸ்வெட்டரோடு போங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது மருத்துவச் செலவு கப்பலுக்குள்ளும் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள், கப்பல் டாக்டரின் கட்டணம் டாலரில் வரும்.

ஒன்று மட்டும் எனக்குக் குறை. எங்கள் டெக்கில் நீச்சல் குளத்துப் பக்கம் விடிந்ததும் துண்டைப் போட்டு நாற்காலி பிடித்துவிட்டு ஆட்கள் பத்து மணிக்குத்தான் வருகிறார்கள். வயதானவர்கள் காலை வெயிலுக்கு வரும்போது இடம் இல்லை. சிப்பந்திகளிடம் சொன்னால் எடுத்துக் கொடுக்கிறார்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

ஞாயிறு, கிருஷ்ணகிரி

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தோம். தோப்பில் முதல் மருந்து அடித்தாகிவிட்டது, பூ நன்றாகவே பிடித்திருக்கிறது. குளிர் இன்னும் விடவில்லை. விடியற்காலையில் அத்தைக்குக் கொஞ்சம் இருமல் வந்தது, இழுப்பு வரவில்லை. கப்பலால் வியாதி தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன், மாத்திரையும் இன்ஹேலரும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் வலியில்லாமல் தூங்கினார், நடந்தார், சிரித்தார்.

நாத்தனார் படங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு மே மாத லீவில் லட்சத்தீவு போகலாமா என்று கேட்கிறாள். மே பாதியோடு அங்கே பருவம் முடிந்துவிடும், கடல் முரடாகும், படகில் இறங்குவது இன்னும் கஷ்டம். முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிகிற வாரத்திலேயே கிளம்பு, இல்லை என்றால் அடுத்த தைக்கு வைத்துக்கொள், அனுமதிச் சீட்டுக்கான அடையாளச் சான்றுகளை இப்போதே எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாரத்துக்குக் கொச்சி ரயில் முன்பதிவு எப்போது திறக்கும் என்று மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்.